திருப்பூர் சுவரோவியப் போட்டி: தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்பான திருப்பூர் மக்களுக்கு வணக்கமுங்க.

இந்திய–ஜப்பான் நட்பைப் போற்றும் சுவரோவியப் போட்டி நல்லபடியாக நிறைவேறியது. பரிசு வாங்கியவர்களின் படம் இதற்குள் எல்லோருடைய போனுக்கும் வந்திருக்கும். அந்தப் படங்களில் இல்லாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

சுவர் சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட ஓவியமும் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது. ஆகவே முதல் நன்றி கொத்தனார்களுக்கும் சித்தாள் அக்காக்களுக்கும். மில் நிர்வாகம் மனமுவந்து கொடுத்த அந்தக் காம்பவுண்டுச் சுவரில், அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தது. பழைய பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, ஒன்றுக்கு நான்கு கலவையில் வாட்டர் ப்ரூஃப் சேர்த்துப் பூசி, ஏழு நாள் நனைத்து, 28 நாள் தாண்டும் வரை யாரையும் பிரஷ்ஷோடு கிட்டே விடவில்லை. புதுச் சிமெண்டுப் பூச்சில் காரம் அதிகம். அவசரப்பட்டு அடித்தால் நிறம் வெளுக்கும், பெயிண்ட் கொப்பளித்து உரியும். மற்ற இடங்களில் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்ததும் அவர்கள்தான். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்க அவர்கள் செய்த சோதனையை எல்லாரும் தெரிந்துகொள்ளலாம். ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. இரண்டு இடத்தில் அப்படித்தான் இருந்தது. அங்கே மட்டும் பட்டி பார்ப்பதைத் தள்ளிப்போட்டார்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் 10 அடி அகலம், 12 அடி உயரம். அதற்கு பிரைமர் 1 லிட்டர், எமல்ஷன் எல்லா நிறமும் சேர்த்து 3 லிட்டர் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த பெயிண்ட் கடை அண்ணன் லாப நோக்கம் பார்க்கவில்லை. செர்ரிப் பூவின் இளஞ்சிவப்புதான் வெயிலில் முதலில் வெளுக்கும் என்று எச்சரித்து, நிறம் கூட்டும் ஸ்டெய்னரைக் கையால் கலக்க விடாமல், வெளிச்சுவருக்கான நிறமியை மெஷினிலேயே கலந்து தந்தார். காவியும் மஞ்சள் காவியும் தாராளமாகப் போடுங்கள், அவை நிற்கும் என்றார். காங்கேயம் காளை வரைந்த குழுவுக்கு அது நன்றாகவே பயன்பட்டது.

போர் தண்ணீர் ஊற்றினால் பெயிண்ட் திரியும், காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டும் விழும். முறை வைத்து வருகிற நல்ல தண்ணியைக் குடம் குடமாகக் கொடுத்த எதிர்வரிசை வீட்டாருக்குக் கைகூப்பி நன்றி.

பெயிண்ட் துடைக்கப் பனியன் கம்பெனிகள் அனுப்பிய வேஸ்ட் துணி மூட்டைகளை எப்படி மறப்பது? வெள்ளைக் காட்டன் கட்டிங்கை மட்டும் தனியாகப் பிரித்தே அனுப்பியிருந்தார்கள். சாயத்துணி நனைந்தால் நிறம் இறங்கிச் சுவரைக் கெடுக்கும், பாலியஸ்டர் தண்ணியை உறிஞ்சாது. துணியோடு பிறந்து வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர்டு எழுதும் பெயிண்டர் அண்ணன்கள், வந்திருந்த மாணவர்களுக்கு நூல் அடிக்க, அதாவது நீலப்பொடி தோய்த்த நூலை இழுத்துத் தட்டிச் சுவரில் நேர்கோடு போட, பழக்கினார்கள். தாளில் உள்ள படத்தைச் சுவரில் பெரிதாக்க, தாளில் ஓரங்குலம் என்றால் சுவரில் ஓரடி என்று கணக்கு. நீலப்பொடி அதிகமானால் மேலே அடிக்கும் வெளிர்நிறத்தில் கசியும் என்பதால், கோடு விழுந்ததும் உலர்ந்த துணியால் தட்டிவிடச் சொன்னார்கள். சுவர் மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் அடித்தால் பெயிண்ட் இழுக்கும் முன்பே காய்ந்து பிரஷ் தடம் தெரியும். அதனால் விடிகாலையிலேயே வந்து சாரத்தைச் சரிபார்த்துக் கொடுத்தவர்களுக்கும், வெயில் ஏற ஏற மோர் கொண்டுவந்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

வரலாற்றைப் பிழையில்லாமல் எடுத்துச் சொன்ன ஆசிரியர்களுக்குத் தனி நன்றி. 752-இல் நாரா நகரத் தோடாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்குக் கண் திறந்துவைத்த இந்தியத் துறவி போதிசேனர், 1949-இல் டோக்கியோ குழந்தைகளுக்காக நேரு அனுப்பிய இந்திரா என்ற யானை, இரண்டும் சுவரில் ஏறியது அவர்களால்தான். ஜப்பான் கொடியின் வட்டம் கொடி உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு விட்டம் இருக்க வேண்டும், அசோகச் சக்கரத்தில் 24 ஆரம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு குழுவிடமும் நின்று அளந்து பார்த்தார்கள்.

ஜூக்கி தையல் மெஷின் வரைந்த குழுவுக்கு வாய்த்த நடுவர்கள் பக்கத்துக் கம்பெனி டெய்லர் அக்காக்கள். நூல் கண்டிலிருந்து நேராக ஊசிக்குப் போவதாக வரைந்திருந்ததைப் பார்த்து, "டென்ஷன் எங்க கண்ணு? அது இல்லாட்டி தையல் லூசாயிருமே" என்று கேட்டு, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு, நூலை மேலே இழுக்கும் டேக்அப் லீவர் வழியாக நூல் போகும் பாதையைச் சாக்பீஸால் போட்டுக் காட்டினார்கள். டோக்கியோவில் தொடங்கிய கம்பெனியின் மெஷினில் இந்த ஊர் எத்தனை குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறது! நட்புக்கு இதைவிடப் பொருத்தமான படம் அந்தச் சுவரில் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

மீதமான பெயிண்ட், நிறப் பெயர் எழுதிய டப்பாக்களில், மில் வாட்ச்மேன் அறையில் இருக்கிறது. எங்காவது உரிந்தால் படம் எடுத்து அவரிடம் காட்டுங்கள், வந்து தொட்டுவிடுகிறோம். தூசி படிந்தால் ஈரத்துணியால் ஒற்றினால் போதும், சோப்பு வேண்டாம். போஸ்டர் ஒட்டும் அண்ணன்கள் தயவுசெய்து அந்தச் சுவரை விட்டுவிட வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
போட்டி ஏற்பாட்டுக் குழுவினர்,
திருப்பூர்