ஏழு நாள் கணக்கு

மாலதி,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். கண்ணாடிப் பெரியப்பா இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

நேற்று வந்த உன் கடிதம்தான் என்னை உட்கார வைத்தது. ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் கொடுத்துவரும் மெத்தடோனை ரவி விடப் போகிறான் என்றதும் சந்தோஷம். "ஏழே நாளில் சுத்தம்" என்று யாரோ சொன்னதை நம்பிப் பணம் கட்டப் போகிறான் என்றாயே, அங்கேதான் உதைக்கிறது.

ஹெராயினை நிறுத்தினால் 8 முதல் 12 மணி நேரத்தில் உடம்பு கேட்க ஆரம்பிக்கும், ஒரு வாரத்தில் பெரும்பாடு அடங்கிவிடும். மெத்தடோன் அப்படியில்லை. உள்ளே போனதில் பாதி வெளியேறவே பலருக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும், சிலருக்கு இரண்டு நாளும் தாண்டும். நிறுத்திய முதல் நாள் ஒன்றும் தெரியாது. "இவ்வளவுதானா அக்கா!" என்பான். அப்புறம் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு. கால் ஓரிடத்தில் நிற்காது. ஐந்தாறு நாளில் உச்சம், அடங்க மூன்று வாரம்கூட ஆகும். தூக்கம் திரும்ப இன்னும் நாளாகும். ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் பாதி வேலையை உன் தலையில் கட்டுகிறார்கள்.

தினம் 70 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறாய். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் இறக்குவது வழக்கம். ஆனால் 70இல் 5 போனால் பதினாலில் ஒரு பங்கு, 10இல் 5 போனால் பாதி. பின்னம் என்றாலே பெஞ்சுக்கடியில் ஒளிகிறவளுக்கும் இது புரியும். இருபதுக்குக் கீழே வந்ததும் 2 மில்லிகிராம், 1 மில்லிகிராம் என்று ஊர்ந்துதான் இறங்க வேண்டும். ஒரு படியில் திணறினால் அங்கேயே சில வாரம் நிற்கலாம். அவசரப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிகளில்தான் வழுக்குகிறார்கள்.

ஆரம்பிக்கும் முன் ஈ.சி.ஜி. எடுத்தார்களா என்று கேள். மெத்தடோன் க்யூ.டி. இடைவெளியை, அதாவது ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரத்தை, நீட்டும்; 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஆபத்து. வாந்திக்குக் கொடுக்கிற ஒண்டான்செட்ரானும் அதையே செய்யும். வியர்வைக்கும் படபடப்புக்கும் குளோனிடின் கொடுப்பார்கள்; அது ரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஒவ்வொரு வேளைக்கும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், 90/60க்குக் கீழே இருந்தால் அந்த வேளை கூடாது. தூக்கமின்மைக்கும் போதை ஏக்கத்துக்கும் குளோனிடினால் பெரிய பலன் இல்லை.

மெத்தடோனைப் போலவே ஹெராயினுக்குப் பதிலாகத் தரும் பியூப்ரனார்ஃபினுக்கு மாற்றுவது இன்னொரு வழி. பொதுவாக மெத்தடோனை 30 மில்லிகிராமுக்கு இறக்கி, குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பொறுத்து, வித்டிராயல், அதாவது மருந்தை விட்டதால் வரும் அவதி, நன்றாகத் தெரிந்த பிறகுதான் முதல் 2 மில்லிகிராமை நாக்குக்கடியில் வைப்பார்கள். முந்தினால் அது மெத்தடோனைப் பிடித்துத் தள்ளிவிடும். நாலு நாளில் வர வேண்டிய அவதி ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும். மயக்க மருந்து கொடுத்து ஒரே இரவில் முடிக்கிறோம் என்று எவனாவது சொன்னால் வாசலோடு திரும்பி வா. அதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

தூக்க மாத்திரை, குடி ஏதாவது சேர்த்துக்கொள்கிறானா? கோபிக்காமல் கேள். அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இனி சொல்வதை இரண்டு தடவை படி. உடம்பு சுத்தமானதும் பழைய தாங்குசக்தி போய்விடும். முன்பு சாதாரணமாக எடுத்த அளவே ஒரு மாதம் கழித்து மூச்சை நிறுத்திவிடும். அளவு மீறி மூச்சு அடங்கினால் அதைத் திருப்பும் நலோக்சோன் மூக்கு ஸ்ப்ரே வீட்டில் இருக்கட்டும். அடித்து எழுந்துவிட்டானே என்று விடாதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. நலோக்சோன் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடலாம், மெத்தடோன் அடங்காது. திரும்பத் தொடாமலிருக்க நால்ட்ரெக்சோன் தருவார்கள் என்றால், கடைசி மெத்தடோனுக்குப் பின் 10 முதல் 14 நாள் போகட்டும்.

முடியவில்லை, மெத்தடோனிலேயே இருக்கிறேன் என்று அவன் சொன்னால் முகத்தைச் சுளிக்காதே. பல வருஷம் அதிலேயே இருந்து வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

பணம் கட்டும் முன் அவன் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் எழுதி அனுப்பு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான மருந்து இருந்தால் அடிக்கோடு போடு. அவை ரத்தத்தில் இருக்கும் மெத்தடோன் அளவைக் குறைத்துவிடலாம். உன் கையெழுத்தில் வேண்டாம், ரவியையே எழுதச் சொல்.

உன்
கமலா