மரம் வெட்டும் தொழிலில் பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மரம் வெட்டுவது ஆண்களுக்கே உரிய தொழில் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உறுதியாக இருப்பது வருத்தத்திற்குரியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பிரிட்டனில் அமைக்கப்பட்ட பெண்கள் மரப்படையில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து, கோடரியாலும் கைரம்பத்தாலும் மரங்களை வீழ்த்தி, சுரங்கக் கூரையைத் தாங்கும் மரத்தூண்களை ஆயத்தம் செய்து கொடுத்தார்கள். ஆயினும் அவர்களுக்கென ஸ்காட்லாந்தில் நினைவுச் சிலை எழுந்தது 2007-இல்தான். இன்றோ பல நாடுகளில் மரத்தை வெட்டி, கிளை நீக்கி, துண்டுபோடும் வேலையை இயந்திரங்களே செய்கின்றன. அவற்றை இயக்குபவருக்குத் தேவை பயிற்சியும் கூர்ந்த கவனமுமே.

பாதுகாப்பு உடை குறித்தே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். செயின்சா எனும் சங்கிலி ரம்ப இயந்திரத்தை இயக்குவோர் அணியும் கால்சட்டையின் உள்ளடுக்கில் உள்ள நீண்ட இழைகள், ரம்பம் துணியைக் கிழித்தவுடன் வெளிப்பட்டு, சங்கிலியை ஓட்டும் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடுகின்றன. ஆண்களின் அளவில் தைத்த உடை பெண்ணின் காலில் தொளதொளவென்று தொங்கினால் அந்த அடுக்கு இடம் மாறிவிடலாம். நீளம் மிகுந்தால் கால் இடறவும் கூடும். சரிவான நிலத்தில் இது உயிருக்கே ஆபத்து. கையுறைக்கும் காலணிக்கும் இதுவே பொருந்தும்.

பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்ட 190-ஆம் உடன்படிக்கை, வேலை தருபவர் அளிக்கும் தங்குமிடத்தையும் தன் வரம்பிற்குள் கொண்டுவருகிறது. தொலைதூரக் காட்டு முகாம்களில் இது மிகவும் அவசியமானது. பெண்களின் அளவிலேயே உடை வழங்குவதையும், முகாம்களில் பூட்டக்கூடிய தனி அறையும் கழிப்பறையும் அமைப்பதையும் மரம் வெட்டும் ஒப்பந்தங்களில் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்