நிறுத்தம் வரை நடந்தது எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை விரிவாக்கம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வாகன எண்ணிக்கையை மட்டுமே ஆதாரமாகக் காட்டியிருந்தது. கட்டுரையாளரைக் குறை சொல்வதற்கில்லை. நடப்போரையும் மிதிவண்டியில் செல்வோரையும் பெரும்பாலான ஊர்களில் முறையாக எண்ணுவதே இல்லை.

பயணக் கணக்கெடுப்புக்காக வீட்டுக்கு வந்த ஒருவரிடம், நிறுத்தம் வரை பன்னிரண்டு நிமிட நடை, பிறகு பேருந்து, இறங்கியபின் எட்டு நிமிட நடை என்று ஒருமுறை விவரமாகச் சொன்னேன். படிவத்தில் இருந்தது ஒரே கட்டம். அவர் ‘பேருந்து’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இருபது நிமிட நடை அங்கேயே காணாமற்போயிற்று. அமெரிக்காவின் ஆண்டுதோறும் நடக்கும் சமூகக் கணக்கெடுப்பும் வேலைக்குச் செல்லும் பயணத்தை மட்டும் கேட்டு, அதிலும் அதிக தூரம் செல்லப் பயன்பட்ட ஒரு பயண முறையையே குறிக்கச் சொல்கிறது. பள்ளிக்கும் கடைக்கும் நடப்பவர்கள் அதில் வருவதே இல்லை.

இதன் விளைவு விபத்துக் கணக்கில்தான் கடுமையாகத் தெரிகிறது. ஒரு சந்திப்பில் ஆண்டுக்கு இரண்டு பாதசாரிகள் அடிபட்டார்கள் என்றால், அங்கே நாளொன்றுக்கு ஐம்பது பேர் கடக்கிறார்களா, ஐயாயிரம் பேர் கடக்கிறார்களா என்று தெரியாமல் அதன் ஆபத்தை எப்படி அளப்பது? அஞ்சி எவருமே கடக்காத சாலை, விபத்தே இல்லாததால் காகிதத்தில் பாதுகாப்பான சாலையாகிவிடுகிறது. வாகனம் மோதாமல் குழியில் விழுந்த மிதிவண்டிக்காரர் காவல்துறைப் பதிவேட்டில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவரை மருத்துவமனைப் பதிவில்தான் தேட வேண்டும்.

கருவி வைத்தால் போதும் என்பதும் சரியன்று. அகச்சிவப்புக் கதிரைக் குறுக்கே பாய்ச்சி எண்ணும் கருவி, குழந்தையின் கையைப் பிடித்து அணைத்தபடி போகும் தாயையும் அக்குழந்தையையும் சேர்த்து ஒருவர் என்றே எண்ணக்கூடும். ஆகவே சில மணி நேரமாவது ஆள் நின்று எண்ணிக் கருவியின் கணக்கைத் திருத்த வேண்டும். சில இடங்களில் ஆண்டு முழுதும் எண்ணினால், மற்ற இடங்களில் ஓரிரு நாள் எடுத்த கணக்கை மழைக்கும் விடுமுறைக்கும் ஏற்பச் சரிசெய்துகொள்ள முடியும். நெதர்லாந்து 1978 முதலே தேசியப் பயணக் கணக்கெடுப்பில் நடையையும் மிதிவண்டியையும் பதிந்துவருவதால், இது இயலாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது.

பயணத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே எழுதும்படி படிவத்தைத் திருத்துவதே முதல் வேலை. அடுத்தமுறை ஒரு சாலைத் திட்டத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே நடப்போரை எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் எண்ணினார்கள் என்பதையும் அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்