இராணுவ நீதிமன்றத்துக்குப் படை சாராத நீதிபதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இராணுவ நீதிமன்றங்களில் படையைச் சாராத வழக்கறிஞர்களை நீதிபதிகளாக நியமிக்க வேண்டும் என்ற கருத்தை ஆதரித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். பகாவ் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நெடுங்காலம் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்த எனக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் படையில் சேர்ந்திருக்கிறார்கள். அதோடு, ஒரே நிர்வாகத்துக்குள் குற்றம் சாட்டுவதும் விசாரிப்பதும் நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

கட்டிப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்) திருடியதாக ஒரு தொழிலாளிமீது தோட்ட நிர்வாகியான துரை புகார் கொடுத்தார். உள்விசாரணை நடத்தியவரோ அதே துரையின் கீழ் வேலை செய்த உதவி நிர்வாகியான சின்னத் துரை. அவர் கெட்டவர் அல்லர். ஆனால் அவருடைய பதவி உயர்வு துரையின் கையில் இருந்தது. தொழிலாளி வேலை இழந்தார். பிறகு அதே சாட்சியங்களைக் கேட்ட தொழில் நீதிமன்றம், அந்தப் பணிநீக்கம் நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. அங்கே நீதி வழங்கியவர் ஒரு நாளும் பால்மரம் வெட்டியவர் அல்லர். இராணுவ வாழ்க்கை தெரியாத வழக்கறிஞர் எப்படித் தீர்ப்புச் சொல்வார் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

பிரிட்டனில் ஃபாக்லாந்துப் போரில் பங்கேற்ற ஃபின்ட்லே என்ற வீரரின் வழக்கில், நீதிமன்றத்தைக் கூட்டிய அதிகாரியே அதன் உறுப்பினர்களையும் அரசுத் தரப்பில் வாதாடுபவரையும் நியமித்து, இறுதியில் தீர்ப்பை உறுதிசெய்பவராகவும் இருந்தார். அந்த நீதிமன்றம் சுதந்திரமானதோ நடுநிலையானதோ அன்று என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997இல் கூறியது. இன்று அங்கே இராணுவ நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்குபவர் படையில் இல்லாத சட்ட வல்லுநர். குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்பதை அவருடன் அமரும் படையினர் குழு முடிவு செய்கிறது; தண்டனையை அவரும் அக்குழுவும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். படை அனுபவமும் வீணாகவில்லை, சட்டமும் அதிகாரிகளின் கைக்குள் அடங்கவில்லை.

கனடாவின் உச்ச நீதிமன்றம், இராணுவ நீதிபதிகள் படை அதிகாரிகளாக இருப்பது அரசமைப்புக்கு முரணாகாது என்று 2024இல் தீர்ப்பளித்ததை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே அது சிறந்த ஏற்பாடாகிவிடாது. அதே நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி மோரிஸ் ஃபிஷ், 2021இல் அளித்த மறுஆய்வு அறிக்கையில், இந்நீதிபதிகள் படையிலிருந்து விலகிச் சிவிலியன்களாக வேண்டும் என்றே பரிந்துரைத்தார்.

நம் மலேசியாவின் 1972ஆம் ஆண்டு ஆயுதப் படைச் சட்டமும் பிரிட்டிஷ் மரபின் வழி வந்ததே. இங்கும் படைவீரரை விசாரிக்க அமர்பவர்கள் அதிகாரிகளே. நம் இராணுவ நீதிமன்றத்துக்குத் தலைமையேற்கச் சுதந்திரமான வழக்கறிஞர் ஒருவரைக் குறிப்பிட்ட பணிக்காலத்துக்கு நியமிக்க, நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சட்டத் திருத்தம் கோர வேண்டும். அந்த நியமனமும் சம்பளமும் நீதித் துறையின் வழியே வர வேண்டும். தற்காப்பு அமைச்சே நியமிப்பதாக இருந்தால், நான் பார்த்த சின்னத் துரையின் நிலைதான் அந்த வழக்கறிஞருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பகாவ், நெகிரி செம்பிலான்