முன்னால் நடப்பவருக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் கோவை மாவட்ட மலையேற்றப் பாதைகளைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. எந்தப் பாதை எவ்வளவு தூரம், எப்படி முன்பதிவு செய்வது, எந்த ஷூ போடுவது, தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போவது என்று எல்லாமே இருந்தது. ஆனால் அந்தப் பாதையில் எல்லோருக்கும் முன்னால் நடந்துபோகும் ஆளைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்களாம், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் அடங்காத தொழில் அது. அந்தத் தொழிலையே படித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆனைமலைக்குப் பக்கம் வேட்டைக்காரன்புதூர் எங்கள் ஊர். தென்னந்தோப்புக் குடும்பம். விலங்கியல் முடித்துவிட்டு, காட்டுக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போவதையே தொழிலாகப் படிக்கவேண்டும் என்று தென்னாப்பிரிக்கா போனேன். லிம்போபோ மாகாணத்தில், க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டில் பயிற்சி. பொம்பளப் பிள்ளையைத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு சிங்கத்துக்கு முன்னால் நிற்க அனுப்புகிறீர்களா என்று எங்கள் சொந்தபந்தத்தில் கேட்காதவர் கிடையாது. அம்மாவைப் பெற்ற அப்புச்சி மட்டும்தான் "போயிட்டு வா அம்மிணி, ஆனையப் பாத்து வளந்தவ தானே நீயி" என்றார்.

அங்கே ஜீப்பில் உட்காரவைத்துக் காட்டைக் காட்டுவதற்கு ஒரு தகுதி, நடத்திக் கூட்டிப்போவதற்கு அதற்கு மேல் வேறொரு தகுதி. கள வழிகாட்டிகளுக்கென்று 1990இல் தொடங்கிய சங்கம் ஒன்று பாடத்திட்டமும் தேர்வும் வைத்திருக்கிறது. பாறை, மண், மரம், புல், பறவை, நட்சத்திரம் என்று முதலில் ஏட்டுப் பாடம். பிறகு முதலுதவி. அதெல்லாம் தேறிய பிறகுதான் நடை. அனுபவமுள்ள வழிகாட்டிக்குப் பின்னால் நடக்கவேண்டும், நடந்ததை எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், காற்று எந்தப் பக்கம், எந்த விலங்கை எவ்வளவு தூரத்தில் பார்த்தோம், அது என்ன செய்தது, நாங்கள் எப்படி விலகி வந்தோம். முதல் படியை எட்டவே குறைந்தது 50 மணி நேர நடையும், ஆபத்தான விலங்குகளை நடந்துபோய் எதிர்கொண்ட 10 பதிவுகளும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே மூத்தவரின் கையெழுத்து இருக்கவேண்டும்.

துப்பாக்கித் தேர்வைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். .375 ரகத்துக்குக் குறைந்த துப்பாக்கியை ஏற்கமாட்டார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு தோட்டா நிரப்பவேண்டும். வெடிக்காமல் சிக்கிய தோட்டாவை நொடியில் தட்டிவிட்டு அடுத்ததை ஏற்றவேண்டும். நம்மை நோக்கி வேகமாக இழுத்துவிடப்படும் சிங்கப் படத்தைச் சுடவேண்டும். ஆனால் இத்தனையும் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது வேறு. விலங்கு நம்மைப் பார்க்கவேயில்லை, நாம் வந்ததும் போனதும் அதற்குத் தெரியவேயில்லை என்றால் அதுதான் நல்ல நடை. துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றவேண்டி வந்ததென்றால், அதற்கு முன்னாலேயே எங்கோ பல தவறுகள் நடந்துவிட்டன என்று பொருள்.

அதனால் பயிற்சியில் பெரும்பகுதி காற்றுக்கும் காதுக்கும்தான் போனது. சின்னத் துணிப்பையில் சாம்பல் வைத்திருப்போம். சிறிது தூரத்துக்கு ஒருமுறை அதை உதறி, சாம்பல் எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்ப்போம். விருந்தினர் 8 பேருக்கு மேல் கிடையாது. ஒற்றை வரிசை, பேச்சில்லை, கைச்சைகை மட்டும். வழிகாட்டிகள் இரண்டு பேரும் முன்னால் நடப்பார்கள். புறப்படுவதற்கு முன் வந்தவர்களை நிறுத்திவைத்து, நான் நில் என்றால் நிற்கவேண்டும், என்ன ஆனாலும் ஓடக்கூடாது என்று சொல்லும் அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்கே தனி மதிப்பெண் உண்டு. நம் பாதைகளில் செல்போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது, அந்தப் பத்து நிமிடத்தின் அருமை எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது.

ஊர் திரும்பியதும் பக்கத்துத் தோப்பில் இராக்காவல் இருக்கும், மலசர் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஆனை வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். முந்தின இராத்திரி தோப்போரம் வந்துபோன ஒற்றை ஆனையின் தடத்தை எனக்குக் காட்டினார். ஒரு கொடியை அறுத்து முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்து, அதை இரண்டு மடங்காக நீட்டிப் பிடித்து, "இத்தாச் சோடு நிக்கும் பாத்துக்க" என்று தோளுயரத்தைச் சொன்னார். பாகன்கள் தலைமுறையாகக் கையாளும் கணக்கு அது. பிறகு பின்னங்கால் தடங்களுக்கு நடுவே சொட்டுச்சொட்டாகக் காய்ந்திருந்த ஈரத்தைக் குச்சியால் தொட்டு முகர்ந்துபார்த்தார். "மதத்துல இருக்குது அம்மிணி. ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் சாயங்காலம் வராதே" என்றார். மதம் பிடித்த ஆண் ஆனை மூத்திரத்தைச் சொட்டவிட்டுக்கொண்டே நடக்கும் என்பது நான் காசு கட்டிப் படித்த பாடம். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய தகப்பனார்.

இப்படிப்பட்டவர் கையில் என்ன தாள் இருக்கிறது? ஒன்றும் இல்லை. அவர் பேரன் மலையேற்ற வழிகாட்டியாகச் சேர்ந்தால் அவனுக்கும் ஓர் அடையாள அட்டையும் சில நாள் பயிற்சியும் கிடைக்கும். இந்த வருடம் சேர்ந்தவனும் பத்து வருடம் நடந்தவனும் அதற்குப் பிறகு ஒரே தட்டில்தான் நிற்பார்கள். படிப்படியாக மேலே போக வழியில்லாத வேலையில் கெட்டிக்காரப் பையன் எத்தனை நாள் இருப்பான்? திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவான். தாத்தாவின் கணக்கும் அவனோடு காட்டைவிட்டு இறங்கிவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எப்படித் தேர்வு வைப்பது என்று கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அதற்கு வழி கண்டுபிடித்துப் பல வருடமாகிறது. லூயிஸ் லீபன்பெர்க் என்பவர் 1994 முதல் தடம் பார்ப்பவர்களுக்கென்றே ஒரு மதிப்பீட்டு முறையை நடத்திவந்தார். சைபர்டிராக்கர் என்று பெயர். பேனா, தாள் எதுவும் வேண்டாம். தேர்வாளர் காட்டில் ஒரு தடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, இது எது, எந்தக் கால், என்ன செய்தது என்று கேட்பார். பதில் சொல்பவர் தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லலாம். மதிப்பெண் போடும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எளிய கேள்விக்குச் சரியாகச் சொன்னால் 1 மதிப்பெண், தப்பாகச் சொன்னால் 3 போய்விடும். மிகக் கடினமான கேள்விக்குச் சரியாகச் சொன்னால் 3, தப்பினால் 1 மட்டுமே போகும். ஆனைத்தடம் தெரியாமல் வழிகாட்டியாக இருக்கமுடியாது, அதற்குக் கடும் தண்டனை. கீரித்தடத்தில் தடுமாறுவது மன்னிக்கக்கூடியது. எங்களையெல்லாம் இப்படித்தான் மதிப்பிட்டார்கள். அந்த மலசர் பெரியவர் இந்தத் தேர்வில் உட்கார்ந்தால் என்னைவிட எத்தனையோ படி மேலே நிற்பார். அவர் தேர்வு எழுதவேண்டியவரே அல்லர். தேர்வாளர் நாற்காலியில் உட்காரவேண்டியவர்.

நடைப்பயணங்கள் அங்கே வேரூன்றிய வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1950களின் பிற்பகுதியில் இம்ஃபோலோசிக் காட்டில் நடைப்பயணங்களைத் தொடங்கிய இயான் பிளேயருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர் மக்குபு இன்டோம்பெலா என்ற சூலு இனத்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வரலாற்றில் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. ஜாம்பியாவில் லுவாங்குவா பள்ளத்தாக்கில் 1950இல் நார்மன் கார் காடு பார்க்க வருபவர்களுக்கான முதல் முகாமைப் போட்டபோதே, வரும் வருமானம் அந்த மண்ணின் குடித்தலைவருக்கும் மக்களுக்கும் போகும் என்றுதான் ஏற்பாடு. அவ்வளவு தூரம் போகவேண்டாம், பெரியாறு புலிகள் காப்பகத்தைப் பாருங்கள். கள்ளத்தனமாகப் பட்டை உரித்து விற்றவர்களை 1990களின் இறுதியில் காவலர்களாகவும் நடைப்பயண வழிகாட்டிகளாகவும் ஆக்கினார்கள்.

அங்குள்ள பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் புல்வெளியில் சிங்கத்தை நூறு மீட்டரில் பார்த்துவிடலாம். நம் காட்டில் உண்ணிச்செடி மண்டிக்கிடக்கும் இடத்தில் பத்தடியில் ஆனை நின்றாலும் தெரியாது. கரையான் புற்றைத் தோண்டுவதில் மும்முரமாக இருக்கும் கரடி, நாம் கிட்டே போய்த் திடுக்கிடவைத்தால் அடித்துவிடும். வழிகாட்டி கையில் துப்பாக்கி என்ற பேச்சும் இங்கே வேண்டாம். துப்பாக்கி இல்லை என்பதனால்தான் கண்ணும் காதும் மூக்கும் அவர்களைவிட நமக்குக் கூர்மையாக இருக்கவேண்டும். கடமான் கத்தினால் எதைக் கண்டு கத்துகிறது, கருமந்தி மரத்து உச்சியில் எந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கிறது, ஆனைக்கூட்டத்தில் குட்டி இருந்தால் எவ்வளவு தூரம் சுற்றிப்போவது என்பதெல்லாம் நம் பாடத்திட்டத்தில் முதல் பக்கத்திலேயே வரவேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கக் காடர், மலசர், மலைமலசர், முதுவர், இரவாளர், புலையர் என்று ஆனைமலையிலேயே ஆறு சமூகத்தார் இருக்கிறார்கள். கோழிகமுத்தி முகாமில் ஆனையோடு பிறந்து வளர்ந்த பாகன்கள் இருக்கிறார்கள். சத்தியமங்கலம் பக்கம் ஊராளிகள், சோளகர்கள், ஆனைகட்டிப் பக்கம் இருளர்கள்.

ஏட்டுப் பாடத்துக்கும் நாம் எங்கும் போகவேண்டியதில்லை. கோயம்புத்தூர் 1912 முதல் வனத்துறைக்கு ஆள் பயிற்றுவித்துவரும் ஊர். 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் ஆர்.எஸ்.புரத்துப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது. மாநில வன உயர்பயிற்சியகமும் இங்கேதான். ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. அதிகாரிகளை உருவாக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் செலவிட்ட ஊர், அவர்களுக்கு முன்னால் வழி வெட்டி நடந்தவர்களுக்கு ஒரு படிப்பை இன்னும் உருவாக்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதை ஏதோ சுற்றுலா மேம்பாடு என்று யாரும் ஒதுக்கிவிடக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலையில் சிக்கியவர்களில் ஈரோடு, திருப்பூரிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசே திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாக எடுத்தது நல்ல முடிவு, மனமாரப் பாராட்டுகிறேன். அடுத்த அடியை எடுத்துவைக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். காற்று திரும்பினால் தீ எந்தச் சரிவில் ஏறும், எந்தப் புல் எப்போது பற்றும், இன்றைக்குப் போகவேண்டாம் என்று எப்போது சொல்வது, இவையெல்லாம் தெரிந்திருக்கவேண்டும். போகவேண்டாம் என்று ஒரு வழிகாட்டி சொன்னால், பணம் கட்டி வந்த கூட்டமும் மேலதிகாரியும் மறுபேச்சில்லாமல் கேட்கவேண்டும். சான்றிதழ் அந்தச் சொல்லுக்குப் பலம் கொடுக்கும். இருபது வயது மலசர் பையன் தனியாக நின்று சென்னையிலிருந்து கார் எடுத்து வந்தவர்களிடம் அதைச் சொல்லும்போது அவனுக்குப் பின்னால் ஏதாவது ஒன்று நிற்கவேண்டாமா?

கூலியைப் பற்றியும் சொல்லவேண்டும். தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடுவது சரி. ஆனால் நடை இருந்தால்தான் காசு என்றால் அந்த மாதங்களில் வழிகாட்டி வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அந்தக் காலத்தில் அவர்களைத் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், பாதையைச் சீர்செய்யவும், பயிற்சிக்கும் சம்பளத்தோடு வைத்துக்கொள்ளலாம். விபத்துக் காப்பீடு கட்டாயம் வேண்டும். பதிவேடு தமிழில் இருக்கட்டும். எழுத வராதவர் சொல்லச்சொல்ல இன்னொருவர் எழுதட்டும். நடந்த மணி நேரத்துக்கும் தேறிய படிக்கும் ஏற்பக் கூலி உயரட்டும்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதையில் நடக்க வருகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். கிழங்கு தோண்டவும் தேன் சீசனிலும் காட்டுக்குள் போய்வரும் பழங்குடிப் பெண்களுக்குத் தெரிந்த காடு, ஆண்களுக்குத் தெரிந்ததைவிடக் குறைந்ததல்ல. முதல் அணியிலேயே அவர்களைச் சேர்க்கவேண்டும். நான் படித்த இடத்தில் என்னோடு பெண்களும் துப்பாக்கி ஏந்தி முன்னால் நடந்தார்கள், விருந்தினர்கள் யாரும் முகம் சுளித்ததில்லை.

அடுத்த முறை தீ அபாயத்துக்காகப் பாதைகளை மூடும்போது வனத்துறையும் பழங்குடியினர் நலத்துறையும் சேர்ந்து ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்பில் முதல் தடத் தேர்வை நடத்தலாம். பெரிய செலவு பிடிக்காது. தேர்வாளர்களாக ஆறு சமூகத்துப் பெரியவர்களையும் பாகன்களையும் அழைத்து, அவர்களுக்குத் தேர்வாளருக்குரிய மதிப்பூதியம் கொடுக்கவேண்டும். அங்கிருந்து நான் கொண்டுவந்த மதிப்பீட்டுத் தாள்களைத் தமிழில் எழுதித் தரவும், கூட இருந்து உழைக்கவும் தயாராக இருக்கிறேன். எனக்கு எதுவும் தரவேண்டியதில்லை. இதை உங்கள் நாளிதழ் மூலம் கோவை மண்டல வன அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டுபோகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வேட்டைக்காரன்புதூர், ஆனைமலை வட்டம், கோவை மாவட்டம்.