அக்காவின் ரத்தப் பரிசோதனை குறித்து

தக்கலை

அன்பு நண்பா,

வியர்வை, ரத்த அழுத்தம் போன்றவற்றை நாம் நினைக்காமலே நடத்தும் தன்னியக்க நரம்புகளை உடம்பின் சொந்த எதிர்ப்பொருளே (antibody) தாக்கும் நோய் இருக்கிறதா என்று பார்த்ததில், அக்காவின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் எதுவும் தென்படவில்லை என்றும், அதைப் பார்த்த மருத்துவர் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். அந்த ஒற்றைத் தாளை நம்பி நீ இருந்துவிடக் கூடாதே என்றுதான் உடனே எழுதுகிறேன்.

என் தம்பியின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் பால்வடிக்கப் போகிறவன், தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து நிமிர்ந்ததும் கண் இருட்டி மரத்தைப் பற்றிக்கொண்டு நிற்பான். வாய் வறண்டு சோறு இறங்காது. சித்திரை வெயிலிலும் வியர்வை துளிர்க்காது. பித்தம் என்றும் பயம் என்றும் சொல்லி ஒரு வருடத்தைக் கழித்துவிட்டோம், அது இன்றும் எனக்கு ஆறவில்லை. பிறகு நாகர்கோவிலில் ஒரு நரம்பியல் மருத்துவர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். படுக்கையில் 130 இருந்த மேல் அளவு, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் 85 ஆனது. 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும்.

அதன் பிறகே எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். தன்னியக்க நரம்பு முடிச்சுகளில் அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்தி கடத்தும் பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடம்பின் சொந்த எதிர்ப்பொருளே தாக்குவதை, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் ஸ்டீவன் வெர்னினோவும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்டார்கள். தென் அமெரிக்கத் தவளையொன்றின் தோலில் முதலில் கண்ட எபிபாடிடின் என்னும் நஞ்சில் கதிரியக்க அயோடினை ஏற்றி, அது ஒட்டிய ஏற்பியை நோயாளியின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரில்) உள்ள எதிர்ப்பொருள் பற்றிக்கொள்கிறதா என்று அளக்கிறார்கள். ஒரு தவளையின் நஞ்சு நம் ஊர்ப் பால்வடிப்புக்காரனின் நோயைக் காட்டிக்கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

தம்பிக்கு அளவு மிக அதிகம், ஆகவே ஐயமில்லை. ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இந்த எதிர்ப்பொருள் அகப்படுகிறது. சிறிதளவு மட்டும் இருந்தால் அது வேறு நோய்களிலும் காணப்படுவதால், அதை வைத்தும் முடிவுகட்ட முடியாது. நோயாளியின் உடம்பு சொல்வதையும் சேர்த்துத்தான் தாளைப் படிக்க வேண்டும்.

இன்னொன்று: சிகிச்சைக்காக இம்யூனோகுளோபுலின் ஊசி ஏற்றும் பேச்சு வந்தால், மறுபரிசோதனைக்கான ரத்தத்தை அதற்கு முன்பே எடுக்கச் சொல். ரத்தக் கொடையாளர் பலரின் எதிர்ப்பொருள்கள் அதில் கலந்திருப்பதால், பின்னால் எடுக்கும் ரத்தம் குழப்பும்.

அக்காவுக்குப் படுக்கையிலும், எழுந்து நின்று 1, 3 நிமிடங்களிலும் அழுத்தம் பார்த்து, ஒரு வார அளவுகளை எனக்கு எழுது. தம்பியைப் பார்க்கும் மருத்துவரிடம் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

உன் பழைய நண்பன்