ஆய்வுகூடத்தில் இனி ஆள் தேவையில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையொன்று, புரதங்களின் வடிவத்தைக் கணினியே சொல்லிவிடுவதால் கட்டமைப்பு உயிரியல் ஆய்வுகூடங்களில் இனி ஆட்களுக்கு வேலையில்லை என்று முடிந்திருந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து இங்குள்ள பாடசாலையொன்றின் அறிவித்தற் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதை வாசித்த உயர்தர உயிரியல் மாணவியொருத்தி மாலை வகுப்பில் என்னிடம், "அப்ப மெடிசின் கிடைக்காட்டி இதப் படிச்சும் பிரயோசனமில்லையா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன்.

புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்வதாகக் கட்டுரை புகழ்ந்த அல்பாபோல்ட் என்ற கணினிச் செயலி வியக்கத்தக்கது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்காக, அதை உருவாக்கிய குழுவின் டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் இருவருக்கும் 2024ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசில் பாதி கிடைத்ததும் தகும். ஆனால் அந்தச் செயலி எதைப் படித்துத் தேறியது என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டுவிட்டார். 1971இல் ஏழே ஏழு புரதங்களின் கட்டமைப்புகளுடன், அதாவது வடிவ விபரங்களுடன், தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் உள்ளன. பல நாட்டு ஆய்வுகூடங்களில் மனிதர்கள் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, எவரும் இலவசமாக எடுத்துப் பார்க்கும்படி வைத்தவை அவை. அந்த வங்கிதான் செயலியின் பாடப்புத்தகம்.

அப்புத்தகத்தின் ஒரு பக்கம் எழுதப்பட எவ்வளவு பாடு என்பதை நான் அறிந்தது என் மகள் மூலம். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவள், இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் இத்துறையிலேயே கலாநிதிப்பட்ட ஆய்வு செய்கிறாள். வேண்டிய புரதத்துக்குரிய மரபணுவைப் பற்றீரியாவுக்குள் செலுத்தி, இரவு முழுவதும் குலுக்கி வளர்த்து, பின்னர் அவற்றை உடைத்து, நான்கு பாகை செல்சியஸ் குளிரறைக்குள் நின்று அந்த ஒரு புரதத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மார்கழி மழைக்கே போர்வையை விட்டு வராத பிள்ளை, அங்கே தடித்த கோட்டு அணிந்து மணிக்கணக்கில் நிற்கிறாள். அதன்பின் தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில், குழிக்கொரு உப்புக் கரைசலாகக் கலந்து, ஒரு மைக்ரோலீற்றருக்கும் குறைந்த துளிகளாகப் புரதத்தை இட்டுவிட்டு, அது பளிங்காகுமா என்று காத்திருக்க வேண்டும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெரும்பாலான துளிகள் தெளிந்தபடியே இருக்கும், அல்லது திரைந்த பாலாகக் கிடக்கும். கடந்த வருடம் ஒரு நாள் நடுச்சாமத்தில், பளிங்கு வந்துவிட்டதென்று படம் அனுப்பினாள், வீடே விழித்துக்கொண்டது. மறுவாரம் சோதித்தபோது அது வெறும் உப்புப் பளிங்கு. அன்று பின்னேரமே அடுத்த தட்டைத் தொடங்கிவிட்டாள்.

உண்மையான பளிங்கு கிடைத்தாலும், அதை மயிரளவு நைலோன் வளையத்தால் கோலி எடுத்துத் திரவ நைதரசனில் அமிழ்த்தி, துணிக்கை ஆர்முடுக்கி நிலையமொன்றில் தமக்கு ஒதுக்கப்பட்ட சில மணி நேரத்துக்குள் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிய உதவும் எக்ஸ் கதிர்ப் படங்களைப் பதிவுசெய்ய வேண்டும்; அந்த நேரம் அதிகாலை மூன்று மணியென்றால் மூன்று மணிதான். இந்த வேலையில் பேராசிரியரைக் காண்பது அரிது (நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதிலேயே அவர் பொழுது போகிறதாம்). ஆய்வு மாணவர்களும், பழுதான பம்பியைத் தாமே கழற்றிப் பூட்டும் தொழினுட்ப உத்தியோகத்தரும்தான் ஆய்வுகூடத்தைக் கொண்டுசெல்கிறார்கள். டீஎன்ஏயின் இரட்டைச் சுருளுக்குச் சான்றான புகழ்பெற்ற எக்ஸ் கதிர்ப் படத்தை 1952இல் ரோசலிண்ட் பிராங்ளினின் வழிகாட்டலில் எடுத்தவர் ரேமண்ட் கோஸ்லிங் என்ற ஆய்வு மாணவரே. பிரித்தானிய விஞ்ஞானி டொரத்தி ஹொட்ஜ்கின் இன்சுலின் என்ற புரதத்தின் பளிங்கை முதன்முதலில் படமெடுத்தது 1934இல். அதன் கட்டமைப்பு அவர் குழுவினருக்குப் பிடிபட்டது 1969இல்.

கணினியின் விடையும் முடிந்த முடிபல்ல. தன் கணிப்பில் தனக்கே நம்பிக்கையில்லாத பகுதிகளை அல்பாபோல்ட் செம்மஞ்சள் நிறத்தில் காட்டுகிறது. அப்பகுதி மெய்யாகவே எப்படியிருக்கிறதென்று பார்க்க மறுபடியும் ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும். புரதச் சங்கிலியின் மடிப்புகள் இயல்பானவையா என்று சரிபார்க்க இன்றும் பயன்படுவது, 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய இருவரும் வெளியிட்ட வரைபடம். மனிதர் கண்டறிந்ததானாலும் கணினி கணித்ததானாலும் அதே வரைபடத்தில் இட்டுத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே அந்தக் கட்டுரையின் முடிவுரைக்குத் திருத்தமொன்றை, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அறிவித்தற் பலகையில் பழைய கட்டுரைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. கத்தரித்து ஒட்டும் வேலையை அந்த மாணவியே ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.